பூச்சிமருந்து தெளிக்க ஏற்ற நேரம்

பூச்சிமருந்து தெளித்தே ஆகவேண்டும் என்றால், பொழுது சாய்ந்து தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு தெளியுங்கள். மருந்து ஈரமாக இருக்கும்போதுதான் அவற்றுக்கு ஆபத்து அதிகம். விடிவதற்குள் காய்ந்துவிட்டால் தேனீக்கள்மீது பல மருந்துகளின் தாக்கம் குறைந்துவிடும். வெயிலில் ஆவியாகி வீணாவதும் குறையும். வேப்பெண்ணெய்க் கரைசலுக்கும் மாலைதான் நல்லது, அதிலுள்ள அசாடிராக்டின் என்ற பூச்சிகொல்லிப் பொருள் வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும்.

ஆனால் இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்துகளுக்கு இது உதவாது. அவை செடிக்குள் புகுந்து பூந்தேனிலும் மகரந்தத்திலும் கலந்துவிடுவதால் எந்த நேரத்தில் அடித்தாலும் தேனீக்களுக்குக் கேடுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திறந்தவெளியில் இதைப் பயன்படுத்தத் தடை விதித்ததும் தேனீக்களைக் காக்கத்தான். பூக்கும் பருவத்தில் இம்மருந்துகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். காற்று வீசினாலோ மழை வரும்போல் இருந்தாலோ எந்த மருந்தையும் அன்று தெளிக்க வேண்டாம். அதில் ஒரு பகுதி குளத்துக்கும் வாய்க்காலுக்கும் போய்விடும்.