வாடாமல்லி வளர்ப்பு: விதை எடுப்பது முதல் பூப்பறிப்பது வரை

தண்டுக்கீரை, கோழிக்கொண்டை குடும்பத்தைச் சேர்ந்தது வாடாமல்லி. வேர் பிடித்துவிட்டால் வெயிலைத் தாங்கி மாதக்கணக்கில் பூக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் விதையில்தான். அதனால் அதை நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

விதை

பூமாலையில் இருக்கும் பூவை உதிர்த்துத் தூவினால் அனேகமாக முளைக்காது. மாலைக்குப் பறிப்பது இளம்பூ, உள்ளே விதை முற்றியிருக்காது. செடியிலேயே நின்று, அடிப்பாகம் வைக்கோல் நிறத்துக்கு வந்த பூவாகப் பார்த்துப் பறியுங்கள். உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் செதில்கள் தனித்தனியாகக் கழன்று வரும். இந்த வண்ணச் செதில்களைத்தான் நாம் பூ என்கிறோம். நிஜப் பூக்கள் இவற்றுக்கு நடுவே பொடிப்பொடியாக விரிந்து முடிந்திருக்கும். ஒவ்வொன்றின் உள்ளேயும் பஞ்சு போர்த்திய ஒரே ஒரு விதை. பஞ்சை நகத்தால் விலக்கிப் பாருங்கள்: பழுப்பாகப் பளபளவென்று, அழுத்தினால் கெட்டியாக இருந்தால் நல்ல விதை. நசுங்கினால் பதர்.

பஞ்சோடு அப்படியே விதைத்தால் ஈரம் பிடிக்க நாளாகும், முளைப்பும் முன்னே பின்னே வரும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, ஒரு பிடி மணலோடு கலந்துகொள்ளுங்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் தூவ வரும்.

நாற்று

குழித்தட்டில் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் சம அளவு நிரப்பி, குழிக்கு இரண்டு விதை போடுங்கள். மேலே அரை சென்டிமீட்டருக்கு மிகாமல் மண் தூவினால் போதும். ஆழமாகப் புதைத்தால் முளை மேலே வராது. பூவாளியால் தெளித்து, நிழலில் வைக்கவும். 7 முதல் 14 நாளில் முளைத்துவிடும். முளைத்ததும் வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். நிழலிலேயே விட்டால் தண்டு நீண்டு சாய்ந்துவிடும். தட்டில் ஈரம் சொதசொதவென்று நின்றால் தண்டின் அடி கறுத்து நாற்று விழும். அதுதான் நாற்றழுகல். மேல்மண் காய்ந்தபின் தண்ணீர் விட்டாலே பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

நடவு

நான்கைந்து இலை விட்டதும், விதைத்த நான்காவது வாரவாக்கில், மாலை நேரத்தில் நடுங்கள். 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி. தரையில் செடிக்குச் செடி ஓர் அடி. செம்மண் 2 பங்கு, மணல் 1, மட்கிய சாணம் 1. தொட்டியின் அடித்துளை அடைபடாமல் இருப்பது முக்கியம். தினமும் ஆறு மணி நேர வெயில் வேண்டும்.

செடி அரை அடி வளர்ந்ததும் நுனிக்கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராது, ஆனாலும் கிள்ளத்தான் வேண்டும். கிள்ளாத செடி ஒற்றைத் தண்டாக ஓடும். கிள்ளினால் இலைக் கணுக்களிலிருந்து பக்கக் கிளைகள் வெடித்து, கிளைக்குக் கிளை பூ வரும்.

விதைத்து இரண்டரை, மூன்று மாதத்தில் பூக்கத் தொடங்கும். ஓணத்துக்குப் பூ வேண்டுமானால் வைகாசியில் விதைக்கவும்; ஆயுத பூஜைக்கு ஆனியில்.

என்ன தவறும்?

இலை கரும்பச்சையாக மதமதவென்று வளர்ந்து பூ வராவிட்டால் தழைச்சத்து கூடிவிட்டது. யூரியாவை நிறுத்துங்கள், மாதம் ஒரு பிடி மண்புழு உரமே தாராளம். இலையில் வெள்ளைப்பொடி படர்ந்தால் சாம்பல் நோய்: அந்த இலைகளைக் கிள்ளி எறிந்து, செடிகளுக்கு நடுவே காற்று புக இடம் விடுங்கள். மாவுப்பூச்சிக்கு, லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கவும். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள்.

உலர்த்தி வைக்க, பூ உருண்டையாக இருக்கும்போதே காம்போடு வெட்டுங்கள். முற்றவிட்டால் நீண்டு, அடிச்செதில்கள் உதிரும். இலைகளை உருவிவிட்டு, பத்துப் பன்னிரண்டு காம்பாகக் கட்டி, காற்றோட்டமான நிழலில் தலைகீழாகத் தொங்கவிடவும். இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும். வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும்.