பௌத்தர் அல்லாதவர் முதல் தியான முகாமுக்குப் போகும் முன்

பௌத்த தியான முகாமுக்குப் போக நீங்கள் பௌத்தராக இருக்க வேண்டியதில்லை, மாறவும் வேண்டியதில்லை. நம்ம சாமியை விடச் சொல்வார்களோ என்ற பயத்திலேயே பலர் விண்ணப்பத்தைப் பாதியில் மூடிவிடுகிறார்கள். கொடைக்கானல் பக்கத்தில் பெருமாள்மலையில் போதி ஜெண்டோ என்ற ஜென் (ஜப்பானில் வளர்ந்த பௌத்த தியான மரபு) மையத்தைத் தொடங்கிய ஆமா சாமி ஏசு சபைப் பாதிரியார். ஜப்பானில் யமாடா கோவுன் என்ற ஜென் குருவிடம் ஜென் பயின்று, பாதிரியாராக இருந்துகொண்டே ஜென் ஆசிரியர் ஆனவர். உடலில் எழும் உணர்வுகளை அப்படியே கவனிக்கும் விபாசனா தியானத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோன கோயங்காவும் பர்மாவில் பிறந்த இந்து வியாபாரிதான். ஒற்றைத் தலைவலி தாங்க முடியாமல் 1955இல் அங்கே விபாசனா கற்றுக்கொடுத்த ஊ பா கின்னிடம் போனவர், 1969இல் இந்தியாவுக்கு வந்து கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்.

எந்த இடம் என்று பார்ப்பதற்கு முன்னால் எதற்காகப் போகிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பௌத்தம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளவும், கேள்வி கேட்டு விவாதிக்கவும் ஆசை என்றால், தர்மசாலாவுக்கு மேலே தரம்கோட்டில் இருக்கும் துஷிதா மையத்தின் அறிமுக வகுப்புகள் பொருத்தம். திபெத்திய மரபு, பாடமும் தியானமும் கலந்து வரும். சில நாள் அமைதியாக உட்கார்ந்து பழக வேண்டும், அவ்வளவுதான் என்றால் பெருமாள்மலை போதும். அங்கே ஒரு அமர்வு 25 நிமிடம், நடுவில் மெதுவாக நடப்பது, கொஞ்சம் தோட்ட வேலை. இலங்கையில் இருப்பவர்களுக்குக் கண்டிக்கு அருகே நிலம்பே தியான மையம் இருக்கிறது.

சென்னைவாசிகள் முதலில் கேள்விப்படுவது திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேதுவாகத்தான் இருக்கும். கோயங்கா மரபில் பத்து நாள் விபாசனா அங்கே நடக்கிறது. பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு எதற்கும் கட்டணம் கிடையாது. முழுசாக முடித்த பிறகு மனமிருந்தால் தானம் தரலாம், முடிக்காதவரிடம் வாங்கவே மாட்டார்கள். நல்ல முறை. ஆனால் ஒரு நாள்கூடத் தியானத்தில் உட்கார்ந்து பழகாதவர் நேராக இதில் குதிப்பதைவிட, வேறு எங்காவது இரண்டு மூன்று நாள் இருந்து பார்த்துவிட்டு வருவது நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் இந்த மரபில் சின்ன முகாம்கள் ஏற்கெனவே பத்து நாள் முடித்த பழைய மாணவர்களுக்கு மட்டும்தான், புதியவருக்குப் பத்து நாள்தான் ஆரம்பமே.

இனிச் சொல்வதெல்லாம் இந்தப் பத்து நாள் முகாமைப் பற்றி. விண்ணப்பத்தில் உடல்நிலை, மனநிலை பற்றிக் கேட்பதற்கு ஒளிக்காமல் பதில் எழுதுங்கள். கடுமையான மன அழுத்தம், மனநோய்க்கான சிகிச்சை, சமீபத்தில் பெரிய இழப்பு என்று எது இருந்தாலும் முதலில் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். நாள் முழுக்கப் பேச்சில்லாமல் கண்ணை மூடி உட்கார்வது சிலருக்கு நிலைமையை மோசமாக்கும். தியானத்தை நம்பி மாத்திரையை நிறுத்தவே கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் அதையும் எழுதுங்கள், காலை பதினொரு மணி சாப்பாட்டுக்குப் பிறகு மாலை ஐந்துக்குத் தேநீரும் பழமும் மாதிரி லேசாகத்தான் ஏதாவது கிடைக்கும்.

அப்புறம் மத விஷயம். வந்து சேரும் நாள் மாலையே புத்தம், தம்மம், சங்கம் (புத்தர், அவர் போதனை, அவர் வழி நடப்பவர்கள்) மூன்றிலும் சரணம் சொல்லி, ஐந்து சீலங்களை, அதாவது ஒழுக்க விதிகளை, ஏற்கச் சொல்வார்கள். மனிதரிடம் சரணடைவது இல்லை, அந்தக் குணங்களிடம்தான் என்று விளக்கமும் தருவார்கள். பத்து நாளுக்குப் பூஜை, ஜபம், மந்திரம் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க வேண்டும், ஜபமாலையும் தாயத்தும் வீட்டிலேயே இருக்கட்டும். ஊருக்குத் திரும்பியதும் உங்கள் வழிபாடு உங்களுடையது. பத்து நாள்கூட அதை விட மனசில்லை என்றால், அதில் தப்பே இல்லை, இந்த முகாம் வேண்டாம்.

உள்ளே போனால் போன், புத்தகம், பேனா எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும். ஆண்களும் பெண்களும் தனித்தனியாக இருப்பார்கள். காலை நாலு மணிக்கு மணி அடிக்கும், இரவு ஒன்பதரைக்கு விளக்கு அணையும், நடுவில் ஏறக்குறைய பத்து மணி நேரம் தியானம். பேசாமல் இருப்பதுதான் கஷ்டம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு அது இரண்டே நாளில் பழகிவிடும், உண்மையில் படுத்துவது முழங்காலும் முதுகும்தான். முதல் மூன்றரை நாள் மூச்சை மட்டும் கவனிப்பது. நாலாம் நாள் விபாசனா தொடங்கியதும், தினமும் மூன்று முறை, ஒரு மணி நேரம் கண் திறக்காமல், கை கால் அசைக்காமல் உட்காரச் சொல்வார்கள். நாற்பதாவது நிமிடத்தில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எரியும். அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஜெயிக்கப் பார்க்காதீர்கள். எரிச்சல் எங்கே தொடங்குகிறது, கூடுகிறதா, நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பயிற்சி, முடியாவிட்டால் காலை மெதுவாக மாற்றிவிட்டுத் தொடரலாம். மெத்தையை அடுக்கும்போது இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். மூட்டு வலி இருந்தால் நாற்காலி கேளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. சந்தேகங்களை மதியம் ஆசிரியரிடம் கேட்கலாம், அங்கே பேச அனுமதி உண்டு.

போவதற்கு இரண்டு வாரம் முன்பே தினமும் அரை மணி தரையில் உட்கார்ந்து பழகுங்கள். காபியைப் படிப்படியாகக் குறையுங்கள், இல்லையென்றால் முதல் இரண்டு நாள் தலைவலியிலேயே போய்விடும். தொளதொள உடை, அலாரம் கடிகாரம், வழக்கமான மருந்துகள், வாசனை இல்லாத சோப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் கூப்பிட மைய அலுவலக எண்ணை வீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

டிக்கெட் போடும்போது கவனியுங்கள், பத்து நாள் என்று பெயர் இருந்தாலும் முந்தைய நாள் மதியமே வந்து சேர வேண்டும், முடிவது பதினோராம் நாள் காலையில். பத்தாம் நாள் காலை மௌனம் கலைந்ததும் எல்லோரும் ஒரேயடியாகப் பேசித் தீர்ப்பார்கள், சத்தமே வலிக்கிற மாதிரி இருக்கும். அதனால் அடுத்த நாளே ஆபீஸில் போய் உட்காராமல் ஒரு நாள் லீவு கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள், வேலையை விடுவது மாதிரியான பெரிய முடிவு எதையும் அந்த வாரத்தில் எடுக்காதீர்கள்.