சென்னையில் குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்லலாம்?

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமையும், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் விடுமுறை என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வண்டலூரில் நடை அதிகம் என்பதால், காலையில் திறந்தவுடனே உள்ளே சென்று, வெயில் ஏறுவதற்குள் புலியையும் சிங்கத்தையும் பார்த்துவிடுவது நல்லது. உச்சிவேளையில் அவை நிழலில் சுருண்டு படுத்துவிடும், பிள்ளைகளும் தூக்கச் சொல்லி அடம்பிடிப்பார்கள். 1851இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அருங்காட்சியகத்தில் எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் காட்ட முயலாமல், விலங்கியல் பிரிவிலுள்ள திமிங்கில எலும்புக்கூட்டின் முன் அவர்கள் வாய்பிளந்து நிற்கும் வரை நிற்க விடுங்கள். செப்புத் திருமேனிகளின் அருமை கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கே புரியும். மிகச் சிறியவர்களுக்குக் கிண்டி சிறுவர் பூங்காவும் அதை ஒட்டிய பாம்புப் பண்ணையுமே போதும். மாலையில் மெரினாவில் சுண்டல் வாங்கிக் கொடுத்து மணலில் விளையாட விடலாம். நீரின் இழுப்பு வலுவானது என்பதால் கடலில் மட்டும் இறக்க வேண்டாம்.