சரக்குத் தாமதத்தை வாடிக்கையாளருக்கு எழுதும் முறை

ஆத்தங்குடி டைல்ஸ் (கையால் வார்க்கும் பூ வேலைத் தரைக்கல்) பட்டறையிலிருந்து வெளியூர் வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதுமுன், அதைப் படித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே வரியில் குறித்துக்கொள்ளுங்கள். "மழையால் கல் காயவில்லை, பொறுத்தருள்க" என்று மட்டும் எழுதினால், கொத்தனாரை வரச் சொல்வதா வேண்டாமா என்று அவர் தவிப்பார். மாறாக, "தாங்கள் கேட்ட 600 பூக்கல்லில் 400 தயார்; தண்ணீரில் ஊறவைத்து எடுத்த மீதி 200 மழையால் காயவில்லை, வியாழக்கிழமை லாரியில் ஏற்றுகிறோம்; 400ஐ இப்போதே அனுப்பலாமா என்பதை நாளை மாலைக்குள் தெரிவியுங்கள்" என எழுதினால், காரணமும் நாளும் கேள்வியும் ஒருங்கே போய்ச் சேரும்.

கையால் வார்ப்பதால் கல்லுக்குக் கல் நிறம் சற்றே மாறும் என்பதை முதல் விலைப்பட்டியலிலேயே எழுதிவிடுங்கள். கல் பதித்தபின் சொன்னால் அது சாக்காகத்தான் தோன்றும். வாட்ஸ்அப்பில் பேசி முடித்தாலும், தொகையையும் முன்பணத்தையும் மின்னஞ்சலில் ஒருமுறை உறுதிசெய்யுங்கள்.