பாஸ் மீனுக்குக் கடின உடல் பாப்பர் செய்யும் முறை

பாஸ் என்னும் வேட்டை மீன் நீர்ப்பரப்பில் இரை தேடும் வேளையில், முகம் குழிந்த ஒரு பாப்பரை, அதாவது முள் பொருத்திய மிதக்கும் செயற்கை இரையை, வீசித் தூண்டில் நரம்பைச் சற்றே சுண்டினால், அது நீரை முன்னால் தள்ளிப் ‘பொளக்’ என்று ஓசை எழுப்பும். தவளையோ அடிபட்ட சிறு மீனோ தத்தளிப்பதாகக் கொண்டு பாஸ் பாய்ந்து வருகிறது. இந்த ஓசையைத் தருவது முகத்தின் வெட்டு; பாய்ந்த மீனைப் பிடித்துத் தருவது தூண்டில் முள் உடலில் அமர்ந்திருக்கும் இடம். பாப்பர் செய்யத் தொடங்குவோர் பெரும்பாலும் வண்ணத்தில் மூழ்கிவிடுகிறார்கள். ஆனால், உழைப்பில் பெரும்பங்கைக் கேட்பவை முள்ளும் முகமுமே.

முள்ளின் தண்டு நேராக இருந்தால், எவ்வளவு நல்ல பசை இட்டாலும் சில மீன்களுக்குப் பிறகு உடல் அதைச் சுற்றிச் சுழலத் தொடங்கும். ஆகவே தண்டின் நடுவில் வளைவுள்ள, பாப்பருக்கென்றே செய்யப்படும் முள்ளை வாங்க வேண்டும். பாஸ் மீனுக்கு 2 முதல் 6 வரையிலான அளவுகள் பொருந்தும். எண் குறையக் குறைய முள் பெரிதாகும் என்பதை நினைவில் கொள்க.

உடலுக்குத் தக்கையும் பால்சா மரமும் ஏற்றவை. பால்சா எடை குறைந்தது, இழைத்தால் வழுவழுப்பாக வரும். ஆனால் எளிதில் நசுங்கும். தொடக்கத்திற்கு நான் பரிந்துரைப்பது இயற்கைத் தக்கையாலான ஒயின் பாட்டில் மூடியைத்தான். தக்கைத் தூளை ஒட்டி அழுத்திச் செய்த மூடிகளைத் தவிர்க்க வேண்டும். அவை மெல்லியதாக இழைக்கும்போது துகள் துகளாக உதிரும். சுமார் 24 மி.மீ. விட்டமுள்ள மூடியை நெடுக்குவாட்டில் நான்காகப் பிளந்தால், ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஏறத்தாழ 10 மி.மீ. விட்டமுள்ள உருளை கிடைக்கும்; இரண்டாகப் பிளந்தாலும் 12 மி.மீ.க்கு மேல் கிடைக்காது என்பதால், நான்காகப் பிளப்பதே சிக்கனம். துண்டின் நீளத்தைப் பாதியாக்கினால், ஒரே மூடியில் எட்டு உடல்களுக்கான தக்கை சேர்ந்துவிடும்.

துண்டை முதலில் பிளேடால் தோராயமாகச் செதுக்கி, பிறகு 120 எண் உப்புத்தாளிலும் அடுத்து 220 எண் தாளிலும் தேய்த்து, முகத்திலிருந்து வால் நோக்கிச் சரிந்து குறுகும் வடிவத்திற்குக் கொண்டுவர வேண்டும். தேய்க்கும்போது முகக்கவசம் அவசியம். தக்கையின் துளைகளைத் தக்கைத் தூளும் பசையும் கலந்த குழைவால் நிரப்பி, காய்ந்தபின் மறுபடி தேய்க்கலாம்.

முகத்தை வெட்டுவதில் நிதானம் வேண்டும். கீழுதடு முன்னே நீண்டிருந்தால், இழுக்கும்போது நீர் உடலைக் கீழ்நோக்கி அழுத்தி பாப்பரை மூழ்கடிக்கும். மேலுதடு இம்மியளவு முன்னே நின்றால், அதே விசை அதை மேலே தூக்கும். எனவே நேர்வெட்டையோ, மேலுதடு சிறிதே நீண்ட வெட்டையோ தேர்ந்துகொள்ள வேண்டும். உருண்டை முனையுள்ள குச்சியில் உப்புத்தாளைச் சுற்றிச் சுழற்றினால் குழி சீராக விழும். குழி ஆழமானால் ஓசை பெருகும் என்பது உண்மை. ஆனால் மறுவீச்சுக்கு நரம்பைத் தூக்கும்போது அதே குழி நீரைப் பற்றிக்கொண்டு தூண்டிற்கோலைச் சோதிக்கும். 2 மி.மீ. ஆழம் போதுமானது.

இனி முள். உடலின் அடிவயிற்றில் இரும்பறுக்கும் வாளின் பிளேடால் நெடுக ஒரு வெட்டு இட வேண்டும். தண்டு வயிற்றின் விளிம்பை ஒட்டி உள்ளே மறையும் ஆழமே வேண்டும். வளைவு அமரும் நடுப்பகுதியில் மட்டும் சற்றுக் கூடுதலாகத் தோண்டலாம். உடலின் நடுவரை வெட்டிவிட்டால், தண்டுக்குக் கீழே தக்கை தொங்கி முள்ளின் வாயை, அதாவது தண்டுக்கும் முனைக்கும் இடைப்பட்ட திறப்பை, அடைத்துவிடும். அத்தகைய பாப்பரை மீன் கவ்வும், ஆனால் முள் தைக்காது. முள் தாழ்ந்து அமர்வதால் இன்னொரு நன்மையும் உண்டு: அதன் எடை அடியில் நின்று, பாப்பர் எப்படி விழுந்தாலும் அதை நிமிர்த்துகிறது.

ஒட்டுவதற்கு முன் தண்டின் மீது நூலை நெருக்கமாகச் சுற்ற வேண்டும்; வழுக்கும் உலோகத்தில் நில்லாத பசை நூலிழைகளைப் பற்றிக்கொள்ளும். இரு பகுதிகளைக் கலக்கும் எபாக்ஸியில் மெதுவாக இறுகும் வகையைப் பயன்படுத்துவது நல்லது, ஏனெனில் முள்ளை நேராக்க அவகாசம் கிடைக்கும். பாப்பரை முன்பக்கமாகப் பிடித்துப் பார்க்கும்போது, முள்ளின் முனை உடலின் நடுக்கோட்டிற்கு நேர்கீழே தெரிய வேண்டும். பின்பகுதியில் வால் கட்டுவதற்குத் தண்டின் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விடுக.

பசை இறுகியதும் உடலுக்கு மெல்லிய வார்னிஷ் பூச்சு ஒன்று கொடுத்து, காய்ந்தபின் அகலமான பாத்திரத்து நீரில் மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும். முகம் சற்று நிமிர்ந்தும் பின்புறம் சற்றுத் தாழ்ந்தும் நிற்பதே சரியான நிலை. ஒரு பக்கம் சாய்ந்தால், கனமான பக்கத்தை இப்போதே தேய்த்துச் சரிசெய்யலாம். வண்ணம் ஏறிய பிறகு அது இயலாது.

வெள்ளை அடிப்பூச்சின்மேல் அக்ரிலிக் வண்ணம் தீட்டலாம். மீன் கீழிருந்து பார்ப்பதால் வயிறு வெளிர்நிறமாக இருக்கட்டும். முதுகின் நிறம் தூரத்தில் பாப்பரைக் கண்டுகொள்ள வேண்டிய உங்களுக்கானது. கண்களை ஊசியின் கொண்டையை வண்ணத்தில் தோய்த்து ஒற்றியெடுக்கலாம். மேலே எபாக்ஸி பூசியபின், அது ஒரு பக்கமாக வழிந்து தேங்காதபடி கெட்டியாகும்வரை உடலைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

வாலைக் கடைசியில் கட்டினால்தான் இறகில் வண்ணம் படியாது. நான்கு சேவல் இறகுகளைப் பக்கத்திற்கு இரண்டாக, வளைவு வெளிநோக்கிப் பிரியும்படி கட்டினால், ஒவ்வொரு சுண்டலிலும் அவை தவளையின் பின்னங்கால்களைப் போல மூடித் திறக்கும். உடலின் நீளத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் வால் நீண்டால் முள்ளின் வளைவில் சிக்கிக்கொள்ளும். கட்டு தெரியாதபடி இன்னோர் இறகைக் கழுத்துப்பட்டையாகச் சுற்றி முடிச்சிட வேண்டும். ரப்பர் கால்கள் வேண்டுமானால், நீள ஊசியால் உடலின் குறுக்கே துளையிட்டு இழுத்து, ஒரு சொட்டுப் பசையால் நிறுத்தலாம்.

முள்ளின் காதில் உறைந்த பூச்சைக் கூர் ஊசியால் குத்தி முழுவதும் நீக்க வேண்டும். எஞ்சும் கூரான விளிம்பு நரம்பை அறுக்கக்கூடும். பாப்பரை இறுக்கமான முடிச்சால் கட்டாமல் வளைய முடிச்சால் கட்டினால், முகம் தடையின்றி அசைந்து ஓசை தெளிவாக எழும்.