யோக்காய்களுக்கு வாடகை விடுதி: கற்பனையில் கட்டும் முறை

மாய உயிர்கள் வாடகைக்குக் குடியிருக்கும் ஜப்பானிய விடுதி ஒன்றைக் கதைக்காகப் படைக்க விரும்புவோர், பெரும்பாலும் குடியிருப்போரின் பட்டியலைத்தான் முதலில் எழுதுகிறார்கள். உருமாறும் நரி ஒன்று, நீரில் வாழும் கப்பா ஒன்று, பனிப்பெண் ஒருத்தி என்று ஆள் சேர்த்த பிறகே அவர்களுக்கு வீடு தேடுகிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. யோக்காய் எனப்படும் அந்நாட்டு மாய உயிர்களில் பல, குளியலறை, கூடம், நீர்நிலை என ஏதேனும் ஓர் இடத்தோடு ஒட்டியே மக்கள் நம்பிக்கையில் வாழ்கின்றன. ஆகவே வீட்டை ஒழுங்காக வரைந்துவிட்டால், எந்த அறைக்கு யார் வருவார் என்பதை அந்த வரைபடமே பாதிக்கு மேல் சொல்லிவிடும்.

வீட்டுக்கு முன்மாதிரியாக, மெய்ஜி காலத்தில் (1868–1912) டோக்கியோவின் ஹோங்கோ பகுதியில் மாணவர்களுக்காகப் பெருகிய கெஷுக்கு விடுதிகளைக் கொள்ளலாம். அங்கே அறையோடு சாப்பாடும் சேர்ந்தே கிடைக்கும். 1905இல் கட்டப்பட்ட ஹோங்கோகான் என்னும் மூன்று தள மரக்கட்டடம் 2011 வரை நின்றது. அறைக்கு நான்கரைத் தத்தாமிப் பாய்கள் விரிக்கும் அளவு, அதாவது ஏறத்தாழ 7 சதுர மீட்டர், என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைகளுக்கு நடுவே ஃபுசுமா என்னும் தாள் ஒட்டிய தள்ளுகதவு மட்டும் இருக்கட்டும். இரவில் கழுத்து நீளும் ரொகுரோகுபி அடுத்த அறைக்குள் எட்டிப் பார்ப்பதற்கு அந்தக் கதவின் இடுக்கு போதும். நகர விடுதிக்குத் தோட்டம் அமையாது என்பதால், நொடித்துப்போன நிலக்கிழார் குடும்பம் ஒன்று தன் மாளிகையை விடுதியாக்கியது என்று தொடங்கினால், குளம், கிணறு, தனித்து நிற்கும் பண்டசாலை ஆகிய மூன்றும் செலவில்லாமல் கிடைத்துவிடும்.

திசை குறிப்பதில் தமிழ் எழுத்தாளர் தடுக்கி விழ வாய்ப்பு உண்டு. நமக்கு வடகிழக்கு ஈசானிய மூலை, தெய்வத்துக்கு உரியது. ஜப்பானியருக்கோ அது கிமோன், ஓனி என்னும் அரக்கர்கள் நுழையும் வாயில். கியோத்தோ அரண்மனையின் மதில் அந்த மூலையில் மட்டும் உட்புறமாக வெட்டி மடிக்கப்பட்டுள்ளது. கூரைச் சரிவின் கீழே காவலுக்கு ஒரு குரங்குச் சிற்பமும் உண்டு. உங்கள் விடுதி, ஊரார் அடைக்கும் அதே மூலையில் வாசல் வைத்திருப்பதாக எழுதினால், அது எத்தகைய வீடு என்பதை விளக்க வேறு வரி தேவைப்படாது. வடக்கே தலை வைத்துப் படுக்கலாகாது என்பதில் மட்டும் இரு நாட்டுப் பாட்டிமாரும் ஒத்துப்போவார்கள். உறங்குவோரின் தலையணையைப் புரட்டிப்போடும் மக்குரா கயேஷி, விடிவதற்குள் யார் தலையை எத்திசைக்குத் திருப்பியது என்பதைக் கொண்டே ஒரு சண்டையைத் தொடங்கலாம்.

வீட்டின் சிறந்த கூடத்தை ஜாஷிகி வராஷிக்கு ஒதுக்குங்கள். வடகிழக்கு ஜப்பானில், சிறப்பாக இவாத்தே மாவட்டத்தில், அது குழந்தை வடிவில் கூடத்தில் வாழும் என்றும், அது இருக்கும்வரை வீடு செழிக்கும் என்றும் நம்புகிறார்கள். நாட்டுப்புறவியலாளர் யானகிதா குனியோ 1910இல் வெளியிட்ட தோனோ வட்டாரக் கதைத் தொகுப்பில், அத்தகைய இரு சிறுமியர் ஒரு செல்வர் வீட்டை விட்டுப் போனபின், அக்குடும்பத்தார் நச்சுக்காளான் தின்று ஒரே நாளில் மாண்டதாகவும், ஏழு வயதுப் பெண் ஒருத்தியே எஞ்சியதாகவும் ஒரு செய்தி வருகிறது. எனவே இந்தக் குடியிருப்பாளரிடம் வாடகை கேட்க முடியாது; மாறாக, அது வீட்டைக் காலி செய்துவிடுமோ என்று வீட்டுக்காரம்மாள்தான் நாள்தோறும் அஞ்ச வேண்டும். ஒரு முழு நாவலை இந்த ஒரு அச்சத்தின் மேலேயே நிறுத்திவிடலாம்.

குளியலறையில் அழுக்கை நக்கும் அகனாமே இருக்கும். ஓவியர் தோரியாமா செக்கியென் 1776இல் இதை வரைந்திருக்கிறார். அறையை மிகத் துப்புரவாக வைத்தால் அது பட்டினி கிடக்கும் என்பதை வேலைக்காரர் நினைவில் கொள்ள வேண்டும். குளத்தில் இருக்கும் கப்பாவுக்கு வெள்ளரிக்காய் பிடிக்கும். அதன் தலைக்குழியில் உள்ள நீரில்தான் அதன் வலிமை இருக்கிறது. எல்லோரையும் குனிந்து வணங்கிப் பழகிய வீட்டுக்காரம்மாள் அதனிடம் மட்டும் நிமிர்ந்தே பேச வேண்டும், ஏனெனில் அவர் குனிந்தால் மரியாதைக்காக அதுவும் குனியும், நீர் சிந்திவிடும். பண்டசாலையில், நூறு ஆண்டு ஆனதும் உயிர் பெறும் பழம்பொருள்களான த்சுகுமோகாமிகளை வையுங்கள்; ஆண்டிறுதித் துப்புரவில் 99 வயதுக் குடையைத் தூக்கியெறிந்த குற்றம் எவர் தலையிலேனும் விழட்டும்.

வாடகை ஒப்பந்தத்தை மெய்யான வழக்கத்திலிருந்தே எடுக்கலாம். ஜப்பானில் ஷிகிகின் என்னும் முன்பணத்தோடு, திரும்பக் கிடைக்காத ரெய்கின் என்னும் நன்றிப்பணமும், பொறுப்பேற்க ஒரு பிணையாளும் கேட்கப்படுவது பழைய வழக்கம். இருநூறு ஆண்டுக்கு முன் இறந்தவருக்கு யார் பிணை நிற்பார்? நரி தரும் பணம் விடிந்ததும் இலையாகிவிடும் என்பதால், பற்றுச்சீட்டு மறுநாள் காலையில்தான் தரப்படும் என்று ஒரு விதி எழுதுங்கள். முறையற்ற மரணம் நிகழ்ந்த வாடகை வீடுகள் பற்றி அந்நாட்டு அரசு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அச்செய்தியைப் புதிதாக வருவோருக்குச் சொல்லும் காலத்தை ஏறத்தாழ மூன்று ஆண்டு என்கிறது. உங்கள் விடுதியிலோ அதே செய்தி விளம்பரத்தின் முதல் வரியாக இருக்கும்.

வரைபடம் முடிந்ததும், பெப்ரவரி 3ஆம் நாளையொட்டி வரும் செத்சுபுன் இரவை முதல் காட்சியாக எழுதிப் பாருங்கள். அன்று வறுத்த சோயா அவரையை வீசி, "ஓனி வெளியே, பேறு உள்ளே" என்று கூவுவது வழக்கம். வாடகையைத் தவறாமல் கட்டும் ஓனி அப்போது மாடியில் இருப்பார். நாராவின் யோஷினோவில் உள்ள கின்புசென்ஜி கோயிலில் "பேறு உள்ளே, ஓனியும் உள்ளே" என்றே கூவுகிறார்கள் என்பதால், வீட்டுக்காரம்மாள் எந்த வாசகத்தைத் தேர்ந்தார் என்பதில் அவர் பிறந்த ஊரையும் சொல்லிவிடலாம். அவரைகள் எந்த அறைகள் வழியே உருண்டன, யார் பொறுக்கினார், யார் ஒளிந்தார் என்று எழுதும்போது, எவருக்கேனும் நிற்க இடம் கிடைக்கவில்லை என்றால், அந்தக் குடியிருப்பாளரை நீக்க வேண்டாம். வீட்டோடு இன்னோர் அறையை ஒட்டிக் கட்டுங்கள்.