3டி பெர்ஃப்யூஷன் கல்ச்சர்: முதல் தடவை செட்டப் பண்றவங்களுக்கு

தட்டுல செல் வளக்குறது கைவந்துடுச்சு, அடுத்து எலும்பு மாதிரி தடிமனா ஒரு திசு வளக்கணும்னு நினைக்கிறவங்களுக்காக எழுதுறேன். சிக்கல் என்னன்னா, திசுவுக்குள்ள ஆக்சிஜன் தானா ஊடுருவுறது ஏறக்குறைய 100-200 மைக்ரான் வரைக்கும்தான், நம்ம உடம்புல தந்துகிகள் அவ்ளோ நெருக்கமா ஓடுறதும் அதுக்குத்தான். 4 மில்லிமீட்டர் தடிமனான ஸ்காஃபோல்டை (செல் ஒட்டி வளர்ற துளைத் துளையான தாங்கி) மீடியத்துல (செல்லுக்கு ஊட்டம் தர்ற திரவம்) சும்மா ஊறப்போட்டா மேல செல் தழைக்கும், நடுவுல செத்துடும். அதனால மீடியத்த ஸ்காஃபோல்டுக்கு ஊடாவே பம்ப் பண்றோம், இதுதான் பெர்ஃப்யூஷன்.

முதல்ல மீடியம் சுத்தி வர்ற லூப்பை மாட்டுங்க. மீடியம் பாட்டில், பெரிஸ்டால்டிக் பம்ப் (டியூப்ப வெளிய இருந்து அமுக்கி அமுக்கி மீடியத்த தள்றது), குமிழி பிடிக்கிற சின்ன குடுவை, ஸ்காஃபோல்டு சேம்பர், திரும்ப பாட்டில். டியூப் சிலிக்கோன்ல இருக்கட்டும், அதுவழியா காத்து உள்ள போகும். ஸ்காஃபோல்டு சேம்பர்ல இறுக்கமா உக்காரணும், ஓரத்துல இடைவெளி இருந்தா மீடியம் அந்த சுலபமான வழியில ஓடிரும், உள்ள ஒண்ணும் போகாது.

அடுத்தது, செல் போடாம ஒரு ராத்திரி முழுக்க 37 டிகிரி இன்குபேட்டர்ல ஓட்டுங்க, தயவுசெஞ்சு இத மட்டும் தாண்டிப் போகாதீங்க. நான் முதல் தடவை ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த மீடியத்த அப்படியே ஊத்திட்டேன், சூடாக சூடாக அதுல கரைஞ்சிருந்த காத்து குமிழியா வெளிய வந்து ஸ்காஃபோல்டு துளைங்கள்ல அடைச்சுக்கிச்சு, வாரக் கடைசியில வெட்டிப் பாத்தா ஒரு பக்கம் பூரா செத்த செல், மூணு வாரம் பெருக்கி வச்ச ஸ்டெம் செல் அத்தனையும் போச்சு, மனசே விட்டுப்போச்சு. மீடியத்த முன்னாடியே சூடாக்கி, மூடியத் தளர்த்தி இன்குபேட்டர்ல வச்சிருங்க.

செல் போடும்போது மேல சொட்டு சொட்டா விட்டா மேலயே தங்கிரும். செல் கலந்த மீடியத்த ஸ்காஃபோல்டு வழியா முன்னும் பின்னுமா ஒரு ராத்திரி ஓட்டுங்க, சுவிட்சர்லாந்து பாசல்ல இவான் மார்ட்டின் குழு 2003-ல காட்டின வழி இது, செல் உள்ள வரைக்கும் சீரா பரவும்.

அப்புறம் மீடியம் ஓடுற வேகம். ஸ்காஃபோல்டு 10 மில்லிமீட்டர் விட்டம்னா குறுக்குப் பரப்பு 0.785 சதுர சென்டிமீட்டர், நொடிக்கு 100 மைக்ரான் வேகம் வேணும்னா நிமிஷத்துக்கு சுமார் 0.47 மில்லி. ரொம்ப வேகமா விட்டா செல் பிச்சுக்கிட்டுப் போயிரும், அதனால குறைவா ஆரம்பிச்சு மெதுவா ஏத்துங்க.

7-ம் நாள் ஸ்காஃபோல்டு ஒண்ண எடுத்து குறுக்கா வெட்டி, கால்சீன்-ஏஎம், புரோபிடியம் அயோடைடுன்னு ரெண்டு ஒளிரும் சாயமும் போட்டு மைக்ராஸ்கோப்புல பாருங்க, உயிரோட இருக்கறது பச்சை, செத்தது சிவப்பு. ஓரத்த விட்டுட்டு நேரா நடுவுக்குப் போங்க. பம்ப் இல்லாம வளத்த ஸ்காஃபோல்டையும் அதே நாள் வெட்டி, ஒப்பிட்டுப் பாக்கப் பக்கத்துல வைங்க.